கோயில் மண்டபத்துக்கு அரசாங்கக் காசு வருமா?

சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கோயில் நிர்வாக சபையும் மாதர் சங்கமும் சேர்ந்து, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். கணவன் மனைவி சண்டை, குடி, கடன், தாய் வெளிநாடு போய்த் தனித்து நிற்கும் பிள்ளைகள், இப்படி. அமெரிக்காவில் தேவாலயங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இந்த வேலைக்கென்றே அரசாங்கம் காசு கொடுக்கிறதாமே. இங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா? யாரிடம் கேட்பது?"

திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச செயலகங்களில் சமூக சேவைப் பக்கம் 25 வருடம் கதிரை தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். காசாக வருவது மிகக் குறைவு, ஆளாக வருவது நிறைய. அந்த ஆளைக் கேட்டு வாங்கத் தெரிந்த சங்கங்கள் இன்றும் நடக்கின்றன. காசையே கேட்டு அலைந்த சங்கங்கள் பலவற்றில் மூன்றாம் வருடம் பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடுவோம். அங்கே 1996இல் நலன்புரிச் சட்டத்தைத் திருத்தியபோது, மத அமைப்புகளும் மற்ற அமைப்புகளைப் போலவே அரசாங்கச் சேவைகளை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2001 ஜனவரியில் ஜோர்ஜ் டபிள்யூ புஷ் பதவிக்கு வந்த கையோடு, மத அமைப்புகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் என்று வெள்ளை மாளிகையிலேயே ஓர் அலுவலகம் திறந்தார். 2006இன் தொடக்கத்தில் கையெழுத்தான ஒரு சட்டத்தில், நல்ல திருமண வாழ்வுக்கும் பொறுப்புள்ள தகப்பன்மாரை உருவாக்கவும் என்று வருடத்துக்கு 15 கோடி டொலர் ஒதுக்கினார்கள். அதில் தகப்பன்மாருக்கு 5 கோடி வரை. ஆக, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை.

அந்தக் காசோடு நிபந்தனைகளும் வந்தன. அரசாங்கம் நேரடியாகக் கொடுத்த பணத்தில் ஜெபமோ மதப் போதனையோ நடக்கக் கூடாது, அதை வேறு நேரத்தில் அல்லது வேறு இடத்தில் சொந்தச் செலவில் நடத்த வேண்டும். உதவி தேடி வருபவரை மதம் பார்த்துத் திருப்பி அனுப்பவும் கூடாது. இதைப் பிறகு நம்மூருக்கு எடுத்து வருகிறேன், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், பலன் என்ன என்று அவர்களே அளந்து பார்த்தார்கள். இந்தப் பழக்கம் நமக்கு இல்லாதது ஒரு குறைதான். எட்டு இடங்களில், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற அல்லது பெறப்போகும் 5,000க்கு மேற்பட்ட சோடிகளை எடுத்து, பாதிப் பேரை உறவு வகுப்புக்கு அழைத்தார்கள், மீதிப் பேரை அழைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், ஒன்றாகவே வாழ்வதிலோ கல்யாணம் செய்வதிலோ இரண்டு பகுதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒக்லஹோமா நகரத்தில் கொஞ்சம் நல்ல பலன். பால்டிமோரில் முதல் அளவெடுப்பில் நிலைமை மோசமாகவே இருந்தது. அழைக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஒரு வகுப்புக்குக்கூட வரவில்லை. வேலையும் வாடகையும் தலைக்கு மேல் நிற்கிறவனை, "மனைவியோடு எப்படிக் கதைப்பது" என்று சொல்லித்தரக் கூப்பிட்டால் அவன் வருவானா? வரமாட்டான். அங்கேயும் சரி, இங்கே நம்ம கன்னியாவிலும் சரி.

இனி இங்கே. நமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, குடும்பத்தைச் சமுதாயத்தின் அடிப்படை அலகாக அரசு ஏற்றுப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது வழிகாட்டிக் கொள்கை மட்டும்தான், அதைக் காட்டி யாரும் ஒரு ரூபாய் வாங்க முடியாது. நடைமுறையில் இந்த வேலை இரண்டு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் சமூக சேவை, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, ஆதரவற்ற குடும்பங்களின் புனர்வாழ்வு எல்லாவற்றையும் மாகாணத்துக்குக் கொடுத்தது. ஆனால் பெண்கள் விவகாரம், முன்பிள்ளைப் பருவம், பெரிய நிவாரணக் கொடுப்பனவுகள் எல்லாம் கொழும்பு அமைச்சுகளின் வழியாகவே வருகின்றன. ஒரே டி.எஸ். ஒபிஸில், அதாவது பிரதேச செயலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மாகாணத்து ஆளாகவும் மற்றவர் மத்திய அரசின் ஆளாகவும் இருப்பார்கள். உங்கள் கடிதம் தவறான மேசைக்குப் போனால் மாதக்கணக்கில் அங்கேயே தூங்கும். கிழக்கு மாகாண சபைக்கு 2017 செப்ரெம்பருக்குப் பிறகு மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு மாகாண சபை உறுப்பினரைப் பிடித்து அலுவல் பார்க்கும் பழைய வழி அடைபட்டுப் போயிற்று.

குடும்பத்துக்கு நேராகப் போகும் காசு எது என்று பார்த்தால், பழைய ஆட்களுக்குப் 'பிச்சைச் சம்பளம்' என்றால்தான் விளங்கும். பொதுசன மாதாந்த உதவிப்பணத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. எத்தனையோ கிழவிகள் அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டே விண்ணப்பம் போடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1989இல் ஜனசவிய வந்தது, 1995இல் சமுர்த்தி வந்தது, 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. அஸ்வெசுமவில் நான்கு படி: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று தொடங்கினார்கள். 2025 ஜனவரியிலிருந்து வறியவர்களுக்கு 10,000 ஆகவும் மிக வறியவர்களுக்கு 17,500 ஆகவும் கூட்டினார்கள். கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, பொருளாதார நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போட்டுத் தெரிவு நடக்கிறது, பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போகிறது. நடுவில் எந்தச் சங்கமும் இல்லை, கோயிலும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. அது நல்லது என்பதே என் அபிப்பிராயம்.

அப்படியென்றால் சங்கத்துக்கு அங்கே வேலையே இல்லையா? மேன்முறையீடு இருக்கிறதே. பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பத்துக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. எந்தக் கேள்விக்கு என்ன பதில் போட்டதால் புள்ளி குறைந்தது என்றும் தெரியாது. மாதம் ஒரு நாள் இரண்டு படித்த பிள்ளைகளை வாங்கில் இருத்தி இந்த உதவியைச் செய்தாலே, ஒரு குடும்பத்துக்கு வருடம் ஒரு லட்சத்துக்கு மேல் போய்ச்சேர வழி திறக்கும். உங்களுக்குச் செலவு ஒரு கட்டுத் தாளும் இரண்டு பேனையும்.

சமயத் திணைக்களங்களைப் பற்றிக் கேட்டால், இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம், கிறிஸ்தவ, பௌத்த திணைக்களங்கள் எல்லாம் இருக்கின்றன. அறநெறிப் பாடசாலைப் புத்தகம், ஆசிரியர்களுக்குச் சிறு உதவி, கோயில் திருத்த வேலை என்று அவர்களின் காசு போகும். குடி, கடன், அடிதடி என்று வரும் குடும்பத்தை அவர்கள் கையில் எடுப்பதில்லை. அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஊர் அமைப்புகளின் கைக்கு உண்மையாகவே வரும் அரசாங்கக் காசு சில உண்டு. மிக நல்ல உதாரணம் முன்பள்ளிக் காலைச் சாப்பாடு. நமது மாவட்டத்தில் முன்பள்ளிகளில் பலவற்றைத் தேவாலயம், கோயில், பள்ளிவாசல், மாதர் சங்கம் ஆகியவைதான் நடத்துகின்றன. தெரிவு செய்யப்பட்ட முன்பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 60 ரூபா என்றிருந்ததை 2025இல் 100 ரூபா ஆக்கினார்கள். இந்தக் காசை யாரும் மூட்டையாகக் கொண்டுவந்து தருவதில்லை. ஒரு தாய் காலை ஐந்தரைக்கு எழும்பி கௌபிப் பயறு அவிப்பாள், கீரையும் சோறும் என்றால் இன்னும் நேரத்தோடு எழும்ப வேண்டும். எட்டரைக்கு வாளியோடு முன்பள்ளி வாசலில் நிற்பாள். ரீச்சர் எத்தனை பிள்ளை வந்தது என்று எண்ணிக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைப்பார். மாத முடிவில் அந்தக் கொப்பி முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகும். அவர் சரிபார்த்துக் கணக்குக் கிளைக்கு அனுப்புவார். கட்டுநிதி, அதாவது செலவுக்கென்று அனுப்பும் பணம், கொழும்பிலிருந்து வந்திருந்தால் காசு வரும். வராவிட்டால் அந்தத் தாய் கடையில் கடன் சொல்லித்தான் அடுத்த மாதக் கௌபி வாங்க வேண்டும். இரண்டு மாதக் கடனைத் தாங்க முடியாமல் சமைப்பதை விட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். ஒரு தேவாலய முன்பள்ளியில் பங்குச் சபை ஒரு சுழல்நிதி வைத்து, அரசாங்கக் காசு வரும்வரை சமைக்கிற தாய்க்கு முன்கூட்டிக் கொடுத்து, வந்ததும் திருப்பி எடுத்தார்கள். 40,000 ரூபாயோடு தொடங்கிய ஏற்பாடு. என் 25 வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த 'மத அமைப்புக் குடும்ப உதவித் திட்டம்' அதுதான். அதற்கு ஒருவரும் பானர் அடிக்கவில்லை.

சிறுவர் இல்லங்கள் இன்னொரு வழி. சுனாமிக்கும் யுத்தத்துக்கும் பிறகு கிழக்கில் மத அமைப்புகள் நடத்தும் இல்லங்கள் பெருகின. 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் பதிந்தால், மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதாந்தம் ஒரு சிறு தொகை கொடுக்கும். அரிசிக்கே காணாது. உங்கள் சபையில் யாராவது பெரியவர் 'ஓர் இல்லம் கட்டுவோம்' என்று எழும்பினால், மெல்ல இருத்திவிடுங்கள். அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமையால்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். 2019இல் அமைச்சரவை ஏற்ற மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும், பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்திருக்கப் பாருங்கள், இல்லம் கடைசி வழி என்றுதான் சொல்கிறது.

முதியோர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றுக்கும் அவ்வப்போது சிறு மானியம், சிறு ஒப்பந்த வேலை வரும். வடிகான் கட்டும் ஒப்பந்தத்தில் மிஞ்சும் காசு சங்கத்தின் நிதி. இதை நம்பிக் குடும்பத் திட்டம் தொடங்க முடியாது, கூடுதலாக வந்தால் லாபம்.

இப்போது ஆள் விஷயம். ஒரு டி.எஸ். பிரிவில் சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒரு படையே இருக்கிறது. இவர்களின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிரிவிலும் எல்லாக் கதிரையும் நிரம்பியிருக்காது, அது உண்மை. ஆனால் இருப்பவர்களுக்கு என்ன இல்லை தெரியுமா? உட்கார்ந்து கதைக்க ஓர் அறை இல்லை. உளவளத்துணைக்கு வந்த பெண், ஐந்து மேசையும் பத்து ஆட்களும் உள்ள அறையில், போட்டோக்கொப்பி எடுக்க வந்தவன் காதில் விழ, புருஷன் அடித்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வாளா? 'தலையிடி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். உங்களிடம் மண்டபம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள், கதவு மூடக்கூடிய ஓர் அறை, இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி, தண்ணீர் போத்தல். இதைக் கொடுத்து உத்தியோகத்தரைக் கேளுங்கள். காசு கேட்டு வரும் சங்கத்தைக் கண்டால் பைலைத் தூக்கி முகத்தை மறைப்பவர்கள், இடம் தருகிறோம் என்று வரும் சங்கத்துக்கு எழும்பிக் கதிரை போடுவார்கள். அவர்களுக்கும் மாதாந்த முன்னேற்ற அறிக்கையில் எண்ணிக்கை காட்ட வேண்டும் அல்லவா.

ஆனால் அந்த அறை எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிலின் முக்கியமான இடம்.

ஒருமுறை ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பெண்களுக்கு நடமாடும் சேவை ஏற்பாடு செய்தோம். நல்ல மண்டபம், மாபிள் போட்டது, கோயில் மதிலுக்கு உள்ளே. முதல் கிழமை 30 பேர், பிறகு 20, பிறகு 12. யார் வரவில்லை என்று ஜீ.எஸ்.ஸும் (கிராம சேவகர்) நானும் கொப்பியை விரித்துப் பார்த்தோம். மூன்று வீடுகள் துடக்கு வீடுகள், அதாவது சாவோ பிறப்போ நடந்து தீட்டுக் காக்கும் வீடுகள். ஒன்றில் புருஷன் செத்து ஒன்பது நாள், இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கள் பட்டியலிலேயே அவசரமான குடும்பம் அதுதான், ஆனால் 31ஆம் நாள் கழியாமல் அந்தப் பெண் கோயில் மதிலுக்குள் கால் வைக்கமாட்டாள். வேறு சிலர் மாதத் தீட்டு நாளில் இருந்தார்கள், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் 'வேலை இருந்தது' என்றார்கள். மீன் விற்கும் ஒரு அம்மா, கூடையோடு எப்படி உள்ளே வருவது என்று தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தெரு முஸ்லிம் பெண்கள் இருவர், படலை வரை வந்து, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துத் திரும்பிவிட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. மதிலே தடுத்தது.

நிர்வாக சபைத் தலைவரிடம் சொன்னேன். மனுஷன் கோபப்படவில்லை. அடுத்த கிழமை, தெருப் பக்கம் இருந்த பழைய களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி, மதிலுக்கு வெளியே ஒரு வாசல் வைத்துக் கொடுத்தார். சாக்குகளை அள்ளியதும் எலிப் புழுக்கை, உடைந்த வாகனப் பலகை, 2004ஆம் ஆண்டு நிவாரணக் கூடாரத் துணி எல்லாம் வந்தன. சுண்ணாம்பு அடித்தோம். 'செருப்போடு வரலாம்' என்று மூன்று மொழியில் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு 900 ரூபா. அந்த மாதம் வந்தவர்கள் 41 பேர், துடக்கு வீட்டுப் பெண் உட்பட.

அமெரிக்கச் சட்டம் 'வேறு நேரம் அல்லது வேறு இடம்' என்றதை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். அங்கே அதை வழக்குக்குப் பயந்து வைத்தார்கள். நமக்கு அது துடக்குக்கும் செருப்புக்கும் மீன் கூடைக்கும் தேவைப்படுகிறது. பள்ளிவாசல் நடத்தினாலும் தேவாலயம் நடத்தினாலும் இதே கதைதான், தடுக்கும் பொருள் மட்டும் மாறும்.

சட்டப்படியும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபை என்ற கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சமூக உதவியும் மதப் பரப்புரையும் ஒரே நோக்கத்தில் சேர்ந்து நிற்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அருட்சகோதரிகள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவுக்குப் போக, 2005இல் அந்தக் குழு, அவர்களது உரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. எது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்குக் குழுவின் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் பதிவுக்குப் போகும் யாப்பில், அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பில், 'சமயத்தை வளர்த்தலும் வறிய குடும்பங்களுக்கு உதவலும்' என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி எழும்பும். ஆகவே கோயில் நிர்வாக சபை கோயிலைப் பார்க்கட்டும். குடும்ப வேலைக்கு மாதர் சங்கத்தையோ, தனியாக ஒரு சமூக சேவைச் சங்கத்தையோ பதியுங்கள். கோயில் சபை அதற்கு இடமும் மின்சாரமும் கொடுக்கிறது என்று ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். சபை மாறும்போது, புதுத் தலைவர் 'அறையைத் தா' என்று கேட்கும்போது அந்த ஒரு பக்கம் உதவும். சபை மாறும், அது நிச்சயம்.

பதிவு எங்கே? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றால் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் உத்தியோகத்தர் டி.எஸ். ஒபிஸிலேயே இருப்பார். உங்களைப் போல ஒரு ஊருக்குள் வேலை செய்பவர்களுக்கு இதுவே போதும். பல ஊர், மாவட்டம் என்று விரிந்தால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். வெளிநாட்டுக் காசு வந்தால் கொழும்பில் அரச சார்பற்ற நிறுவனங்களின் செயலகம், பாதுகாப்பு விசாரணை என்று போகும். லண்டனிலிருந்து ஊர் ஆட்கள் காசு அனுப்புகிறோம் என்பார்கள். அதைத் தனி ஆளின் கணக்கில் வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும், இரண்டாம் வருடம் ஊரில் கதை வரும்.

கையில் இருக்க வேண்டியவை: யாப்பு, கூட்டறிக்கைக் கொப்பி, உறுப்பினர் பட்டியல், இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, கடைசி வருடக் கணக்கறிக்கை, ஜீ.எஸ். சிபாரிசு. கூட்டறிக்கையில்தான் எல்லாரும் விழுவார்கள். ஆறு மாதக் கூட்டத்தை ஒரே இரவில், ஒரே பேனையில், ஒரே சாய்வில் எழுதிக் கொண்டுவருவார்கள். எங்களுக்குத் தெரியாதா என்ன? தேத்தண்ணிக் கறை இல்லாத கூட்டறிக்கையை நான் நம்பியதே இல்லை.

காலமும் முக்கியம். அரசாங்கத்தின் நிதி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடியும். வருடத் தொடக்கத்தில் உத்தியோகத்தர் தன் செயற்திட்டத்தை எழுதும்போது உங்கள் ஊரின் பெயர் அதில் விழ வேண்டும். விழுந்தால் வளவாளர் (வகுப்பு நடத்த வருபவர்) கொடுப்பனவு, சிற்றுண்டிச் செலவு, கடதாசிச் செலவு அதற்குள் வரும். விழாவிட்டால் நவம்பர் கடைசியில் ஒருவர் அவசரமாக ஃபோன் எடுப்பார்: "அக்கா, நாளைக்கு 50 பேர் சேர்க்கலாமா, ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி செய்ய வேண்டும், காசு திரும்பிப் போகப் போகிறது." அப்படி வரும் நிகழ்ச்சியில் ரோல்ஸும் நெக்டோவும் கிடைக்கும், குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இருந்தாலும் மறுக்காதீர்கள். ஒருமுறை சேர்த்துக் கொடுத்துவிட்டு, "சரி, வருகிற வருடத் திட்டத்தில் எங்களைப் போடுங்கள்" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

என்ன வேலை செய்வது என்பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெளிவு இருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல மனைவியாக இருப்பது எப்படி என்ற சொற்பொழிவு வேண்டவே வேண்டாம். நம்மூர்க் குடும்பம் உடையும்போது, சண்டைக்கு அடியில் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கடன் கொப்பி கிடக்கும். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன். புருஷனுக்குத் தெரியாமல் எடுத்தது, முதல் கடனை அடைக்க எடுத்த இரண்டாம் கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் வரையான கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ஆனாலும் அதே பெண்கள் பிறகும் கடன் எடுத்தார்கள், ஏனென்றால் வருமானம் மாறவில்லை. ஆகவே ஒரு கொப்பியில் யாருக்கு எவ்வளவு கடன் என்று பெண்ணோடு இருந்து எழுதிப் பார்ப்பதே முதல் உளவளத்துணை. அடுத்தது தாபரிப்பு. விட்டுவிட்டுப் போன புருஷனிடம் பிள்ளைச் செலவு கேட்க 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் போடலாம், சட்ட உதவி ஆணைக்குழு வசதியில்லாதவர்களுக்காக வாதாடும். முஸ்லிம் பெண் என்றால் காதி நீதிமன்றம். அடி, காயம் என்றால் பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கும் நட்பு நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அவசரத்துக்குப் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. இந்த இரண்டு எண்ணையும் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால், அதைப் பார்த்து நிற்கிறவளை ஊர் பார்க்கும்.

ஒரு விஷயத்தில் மற்றவர்களைப் பார்த்துப் படிக்கலாம். கத்தோலிக்கரின் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீட்டுக்குப் போகும்போது இருவராகத்தான் போவார்கள். தனியாகப் போனால் வரும் கதையும் வராது, ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஸக்காத் சேர்ப்பவர்கள் மஹல்லா (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பு) வாரியாக வைத்திருக்கும் பட்டியல் சில வேளை எங்கள் ஒபிஸ் பட்டியலை விடச் சரியாக இருந்தது. ஆனால் ஒரே குடும்பம் மூன்று பட்டியலில் இருப்பதும், எந்த மதத்தோடும் ஒட்டாத ஒரு குடும்பம், கலப்புக் கல்யாணம் செய்து இரண்டு பக்கமும் ஒதுக்கிய குடும்பம், ஒரு பட்டியலிலும் இல்லாமல் போவதும் இங்கே சாதாரணம். உங்கள் பட்டியலை எழுதி முடித்ததும் ஜீ.எஸ்.ஸிடம் கொண்டுபோய், "இதில் யார் இல்லை?" என்று கேளுங்கள். யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாம் சரி என்பார்.

கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கு எழுதி, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் பிரதி போடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்த நாட்களில் அறை திறந்திருக்கும், எத்தனை குடும்பம், எந்த உத்தியோகத்தர் மாதத்தில் எத்தனை நாள் வந்தால் நல்லது என்பவை மட்டும். காசைப் பற்றி முதல் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். மேலே கோயில் முத்திரையை அடிக்காமல் சங்கத்தின் முத்திரையை அடியுங்கள். தபாலில் போடாமல் நேரே கொண்டுபோங்கள், பொதுசன தினமாகப் பார்த்துப் போவது நல்லது, எல்லாரும் ஒபிஸில் இருப்பார்கள். உங்கள் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதியோடு கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.